வாளியும் வாக்குச்சீட்டும்: புக்கர் வாஷிங்டனின் தன்வரலாறு குறித்து ஒரு திறனாய்வு

தன்வரலாறு எழுதப் புகுவோர் இரண்டு கடன்களைச் சுமக்கின்றனர். நடந்ததை நடந்தவாறே சொல்லுதல் ஒன்று. சொல்வதனால் தம்மைச் சார்ந்தவர்க்குத் தீங்கு நேராமற் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்துச் செல்லும் காலம் நற்காலம். ஒன்றோடொன்று முரணும் காலத்தில் எழுதப்பெற்ற நூலை எவ்வாறு மதிப்பிடுவது? அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் 1901-இல் வெளியிட்ட ‘அப் ஃப்ரம் சிலேவரி’ என்னும் தன்வரலாறு இவ்வினாவை எழுப்பும் நூல்களுள் தலையாயது. அடிமைத் தளையிலிருந்து மேலெழுந்து வந்த கதை என்பது அத்தலைப்பின் கருத்து.

இந்நூலை வெறும் வாழ்க்கைக் கதையாகக் கொள்ளுதல் பொருந்தாது. கறுப்பின மக்களிடையே, அமெரிக்காவில் மட்டுமன்றி ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும், நூறாண்டுக்கு மேலாக வழங்கிவரும் ஓர் அரசியற் போக்கின் மூல நூல் இது. அப்போக்கினைப் ‘பழமை பேணும் அரசியல்’ என்று மொழிவது வழக்கம். ஆயின் இங்கு ஓர் ஐயம் எழும். தாயும் தந்தையும் சந்தையில் விற்கப்பட்ட ஒரு சமுதாயத்திற்குப் பேணத்தக்க பழமை யாது? அரசில்லை, நிலமில்லை, சட்டத்தின் நிழலுமில்லை. ஆகவே இப்போக்கினர் பேண விழைந்தவை வேறு: உழைப்பு, சிக்கனம், குடும்பக் கட்டு, இறைவழிபாடு, பிறர் கையை எதிர்பாராமை. இவை இருந்தால் உரிமைகள் தாமே வந்து சேரும் என்பது இவர்தம் கொள்கை. உரிமை இல்லாவிடத்து இவையும் நிலைக்கமாட்டா என்பது எதிர்தரப்பு. இரண்டனுள் எது மெய் என்று ஆராய்வதற்கு இந்நூலினும் தக்க வாயில் வேறில்லை.

முதலில் நூலின் நலங்களைக் கூறுவோம். வாஷிங்டன் 1856-இல் வர்ஜீனியா மாநிலத்துப் புகையிலைப் பண்ணை ஒன்றில் அடிமையாகப் பிறந்தவர். தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்கு மேல் அவர் அறியார். 1865-இல் விடுதலை வந்தபின் உப்பு காய்ச்சும் உலைகளிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் சிறுவனாக உழைத்தார். 1872-இல் ஹாம்ப்டன் என்னும் ஊரிலிருந்த கல்வி நிலையத்தை நாடி ஏறத்தாழ 500 மைல் சென்றார். வழியில் ரிச்மண்ட் நகரத்தில், மரப்பலகை நடைபாதையின் அடியில் படுத்துறங்கினார். ஹாம்ப்டனில் அவருக்கு வைக்கப்பட்ட நுழைவுத் தேர்வு ஓர் அறையைப் பெருக்குவது. மும்முறை பெருக்கினார், நான்கு முறை தூசி துடைத்தார். தலைமை ஆசிரியை கைக்குட்டையால் துடைத்துப் பார்த்துத் தூசி காணாது அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இக்காட்சியை எழுதிய நடை கவனிக்கத்தக்கது. அழுகையில்லை, ஆரவாரமில்லை. துடைப்பத்தைப் பற்றி எழுதும்போது துடைப்பத்தை மட்டுமே எழுதுகிறார். செங்கல் சூளைக் கதையும் அத்தகையதே. 1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 30 மாணவர்களோடு அவர் பள்ளி தொடங்கினார். கட்டடத்திற்கு வேண்டிய செங்கல்லை மாணவர்களே அறுத்துச் சுட முனைந்தனர். மூன்று சூளைகள் பாழாயின. கையிற் பொருளில்லை. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளைக்குத் தீ மூட்டினார், அது வென்றது. அக்கடிகாரத்தை மீட்க இயலாமற் போனது பற்றித் தாம் வருந்தவில்லை என்று முடிக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் எவரும் இப்பகுதியைப் படித்துவிட்டு வாளா இருத்தல் அரிது.

நாமும் வாளா இருக்கவில்லை. மதரஸாவில் ஓதி முடித்து, ஓதிக்கொடுக்கும் பணியில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில் இந்நூல் நமக்குக் கிட்டியது. அது முதல் சோம்பல் கொண்ட மாணவர்களுக்கு இத்துடைப்பக் கதையைச் சொல்லுதல் நமக்கு வழக்கமாயிற்று. அவ்வாறு சொன்ன ஒரு நாள், கடைசி வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், அந்த அம்மையார் வெள்ளைக்காரப் பிள்ளை ஒருவன் வந்திருந்தாலும் அந்த அறையைப் பெருக்கச் சொல்லித்தான் சேர்த்திருப்பாரா?” என்று வினவினான். நூலிலேயே விடை இருக்கிறது என்று எண்ணி, அதே அம்மையார் பின்னொரு காலத்தில் வாஷிங்டனோடு நின்று தாமும் சன்னல்களைக் கழுவினார் என்ற செய்தியை எடுத்துரைத்தோம். மாணவன் அமர்ந்துவிட்டான். ஆயின் அவ்வினா நம்மை விட்டு அமரவில்லை. சன்னல் கழுவி முடித்தபின் அந்த அம்மையார் அந்நாட்டின் எவ்வாயிலிலும் நுழையலாம். அவர் அருகில் நின்று கழுவியவருக்கு அவ்வாயில்கள் திறக்கமாட்டா. உழைப்பின் மாண்பு இருவர்க்கும் ஒன்று. உழைப்பின் பயன் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை நூல் எங்கே பேசுகிறது என்று மீண்டும் ஒருமுறை தேடிப் படிக்கலானோம்.

அத்தேட்டத்தில் முதலில் கண்ணிற்படுவது 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் அட்லாண்டா நகரப் பொருட்காட்சியில் அவர் ஆற்றிய உரை. நூலில் அது முழுமையாகவே இடம்பெற்றுள்ளது. கடலில் வழி தவறிய கப்பலொன்று நீர் வேட்கையால் தவிக்கிறது. எதிர்ப்பட்ட கப்பலை நோக்கித் தண்ணீர் கேட்டு அடையாளம் காட்டுகிறது. இருக்குமிடத்திலேயே வாளியை இறக்குமாறு விடை வருகிறது. பன்முறை மறுத்தபின் இறக்கிப் பார்த்தால், அமேசான் ஆற்று முகத்துவாரத்தின் நன்னீர் வாளியில் ஏறுகிறது. தென்மாநிலக் கறுப்பின மக்கள் வேறெங்கும் நோக்காமல், இருக்குமிடத்தில் உழவிலும் தொழிலிலும் வாளியை இறக்க வேண்டும். வெள்ளையரும் அயல்நாட்டுக் குடியேறிகளை நாடாமல் இம்மக்களிடையே தம் வாளியை இறக்க வேண்டும். சமூகக் கலப்பில் கைவிரல்களைப் போல் பிரிந்தும், பொது முன்னேற்றத்தில் கையைப் போல் ஒன்றியும் இருக்கலாம். உரையின் சாரம் இது.

உவமை அழகியது. ஆனால் உவமைக்குள் ஒளிந்துள்ள ஒரு நிபந்தனையை நாம் காணத் தவறலாகாது. கப்பலைச் சுற்றியிருந்த நீர் யாருக்கும் உரிமைப்பட்டதன்று; ஆகவே வாளியை இறக்கியவன் அள்ளிக்கொண்டான். அலபாமாவின் நீருக்கோ உடையவர் இருந்தனர். அடுத்த ஆண்டு, 1896 மே மாதம், பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனங்களைப் பிரித்து வைத்தல் சட்டத்திற்கு மாறானதன்று எனத் தீர்ப்பளித்தது. நூல் வெளிவந்த அதே 1901-இல் அலபாமா புதிய மாநில அரசியலமைப்பை இயற்றிற்று. அதற்கு முன் அம்மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 1,80,000 பேர். புதிய சட்டத்தின்பின் வாக்காளராகப் பதிவு பெற்றவர் ஏறத்தாழ 3,000 பேரே. வாளியிலிருந்த நீரை வாளிக்குரியவன் குடிப்பதற்கே பிறர் இசைவு வேண்டுவதாயிற்று.

இக்கொடுமைகளை நூல் எவ்வாறு கையாளுகிறது? முகமூடி அணிந்து இரவில் கறுப்பின மக்களைத் தாக்கிய கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, அத்தகைய கூட்டங்கள் இப்போது தெற்கில் இல்லை, இருந்தன என்பதையே இரு இனத்தாரும் மறந்துவிட்டனர் என்னும் கருத்தை எழுதுகிறார். 1901-இல் இவ்வாறு எழுதப்பட்டது. கும்பல் கூடி மனிதரைத் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற நிகழ்ச்சிகளைப் பிற்காலத்தில் தொகுத்துக் கணக்கிட்டு வெளியிட்டது, வேறெதுவுமன்று, இவர் நிறுவிய டஸ்கீகி நிலையமே. அக்கணக்கின்படி 1882 முதல் 1968 வரை அவ்வாறு கொல்லப்பட்டோர் 4,743 பேர்; அவருள் கறுப்பினத்தார் 3,446 பேர். நிறுவனம் எண்ணி வைத்ததை நிறுவியவரின் நூல் எண்ண மறந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. டஸ்கீகிப் பள்ளி எவ்வாறு பிறந்தது? அவ்வூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்பார் இருந்தார். முன்னாள் அடிமை, பல தொழில் வல்லவர். 1880-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெள்ளை வேட்பாளர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்குகளை வேண்டி அவரை அணுகினார். எங்கள் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார் ஆடம்ஸ். வாக்குகள் சென்றன, ஆசிரியர் ஊதியத்திற்கு ஆண்டுக்கு 2,000 டாலர் அளிக்கும் சட்டம் வந்தது. ஆடம்சின் கைத்தொழிற் பயிற்சியை மனமாரப் போற்றும் நூல், அவர் கையிலிருந்த வாக்குச்சீட்டின் ஆற்றலை அத்துணை விரித்துரைக்கவில்லை. வாக்கினைப் பற்றிப் பொறுத்திருங்கள் என்று போதித்த பள்ளி, வாக்கின் வயிற்றில் பிறந்த பள்ளி. இந்நூலைப் பற்றிய நம் முதற்குறை இது.

இக்குறைகளை முதன்முதல் அறிவுடைய முறையில் எடுத்துரைத்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1903-இல் வெளியான தம் நூலின் மூன்றாம் இயலில், வாஷிங்டனின் தொண்டினை ஏற்றுப் பாராட்டியபின், அவர் தம் மக்களை மூன்றினைக் கைவிடச் சொல்கிறார் என்று காட்டினார்: அரசியல் அதிகாரம், குடியுரிமை, உயர்கல்வி. வாக்கில்லாத தொழிலாளி தன் உடைமையைக் காக்க முடியாது. உயர்கல்வி இன்றேல் தொழிற்பள்ளிக்கே ஆசிரியர் கிடையார் என்பன அவர் வாதங்கள். வரலாறு இவ்வாதத்திற்குக் கொடிய சான்று தந்தது. 1921-ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், உழைத்துப் பொருளீட்டிக் கடையும் விடுதியும் மருத்துவமனையுமாகக் கறுப்பின மக்கள் எழுப்பியிருந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் இரண்டு நாள்களில் எரித்தழித்தது. ஏறத்தாழ 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. அவர்கள் சோம்பியிருந்ததனால் அவை எரிந்தன என்று எவரும் சொல்லார்.

எனினும் டு பாய்ஸ் பக்கமே முழு நியாயமும் உண்டெனத் தீர்ப்பெழுதி எழுந்துவிட நமக்கு இயலவில்லை. அவர் வடமாநிலத்தில் உரிமை பெற்ற குடும்பத்தில் பிறந்து ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். பத்தில் ஒருவராகிய கற்றோர் எஞ்சிய ஒன்பது பேரை உயர்த்துவர் என்று அக்காலத்தில் நம்பியவர். வாஷிங்டனோ அந்த ஒன்பது பேரின் நடுவில், அவர்களைக் கொல்ல அஞ்சாத அண்டையாரின் நடுவில், பள்ளி நடத்தியவர். ஒரு சொல் தவறினால் எரிவது அவர் வீடு மட்டுமன்று. மாணவர் தங்கும் விடுதியும் எரியும். 1901 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அவரை ஒரு வேளை விருந்துக்கு அழைத்ததற்கே தென்மாநில இதழ்கள் கொதித்தெழுந்தன. தொலைவிலிருந்து வீரம் பேசுதல் எளிது. இதனை மறந்து திறனாய்வு செய்வோமாயின் அது நீதியாகாது.

ஈண்டு அரபு அறநூலார் வகுத்த ஒரு வேறுபாடு நமக்குத் துணையாகிறது. ‘முதாரா’ என்றும் ‘முதாஹனா’ என்றும் இரண்டு சொற்களை அவர்கள் ஆள்வர். ஓசையில் நெருங்கியவை, பொருளில் எதிரெதிர் நிற்பவை. தீங்கிழைக்க வல்லவனிடம் இன்முகமும் மென்சொல்லும் காட்டி அத்தீங்கை விலக்கிக்கொள்வது முதாரா. அதில் ஒருவர் இழப்பது தம் வசதியையும் பெருமிதத்தையுமே, மெய்யை அன்று. முதாஹனா என்பதோ, எண்ணெயைக் குறிக்கும் ‘துஹ்ன்’ என்னும் வேரிலிருந்து கிளைத்த சொல். எண்ணெய் பூசிக் கரடுமுரட்டை மறைப்பதுபோல, தவற்றைத் தவறன்று என்று மழுப்பிக் காரியம் சாதிப்பது அது. முன்னதற்கு அறம் இடந்தரும், பின்னதற்குத் தாராது. தமிழிலும் இவ்வேறுபாட்டுக்கு நிழல் உண்டு. பொறையுடைமையை அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், காலமறிதலைப் பொருட்பாலில் வைத்தார். உள்ளத்தின் பொறுமை ஒன்று. வினைக்கு வேளை பார்க்கும் பொறுமை வேறொன்று. பின்னதற்கு ஒரு முடிவு நாள் உண்டு.

இவ்வுரைகல்லில் வைத்துப் பார்ப்போம். பகைவர் நடுவே புன்னகை மாறாமல் நின்று பள்ளிக்குப் பொருள் திரட்டியது முதாரா. அதனைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. கிளான் கூட்டத்தை உலகம் மறந்துவிட்டது என்று எழுதியது முதாஹனா. அதனைப் புகழ நமக்கு வழியில்லை. ஒரே நூலில், சில இடங்களில் ஒரே பக்கத்தில், இரண்டும் கலந்து கிடக்கின்றன. நூலின் இலக்கிய வலிமையாகிய அந்த அமைதியான நடையே இக்கலப்பை மறைக்கவும் உதவுகிறது. செங்கல்லைப் பேசும்போது உண்மையாயிருந்த அமைதி, கொலையைப் பேச வேண்டிய இடத்தில் எண்ணெயாகிவிடுகிறது.

இத்தோடு வழக்கு முடிந்திருந்தால் எளிதாயிருக்கும். வாஷிங்டன் 1915-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கடிதங்களை ஆராய்ந்து 1972-இலும் 1983-இலும் இரு பகுதிகளாக வரலாறு எழுதிய லூயிஸ் ஹார்லன், அவரது மறைவான பக்கத்தை விரிவாக வெளிக்கொணர்ந்தார். வெளிமேடையில் பொறுமை போதித்த அவர், கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த அலபாமாச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற கைல்ஸ் வழக்குகளுக்கு மறைவாகப் பொருளுதவி செய்திருந்தார். கடனைக் காட்டி உழவரைக் கொத்தடிமையாக்கும் சட்டத்தை எதிர்த்த பெய்லி வழக்கிலும் மறைமுகமாகத் துணை நின்றார். 1911-இல் அவ்வழக்கு வென்றது. தம் பெயர் தெரியாதிருக்கக் கடிதங்களில் மாற்றுப்பெயர்களும் வழங்கப்பெற்றன.

இச்செய்தியைப் படித்தபோது நாம் மகிழ்ந்தோமா, வருந்தினோமா என்று இன்றும் துணிந்து சொல்ல இயலவில்லை. மனிதர் நம் மதிப்பில் உயர்ந்தார், நூல் தாழ்ந்தது. வாக்கு பிறகு பார்க்கத்தக்க பொருள் என்று அவரே நம்பவில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் அவர் மறைவாகச் செய்ததை வாசகர் அறியார். வெளிப்படையாக எழுதியதையே அறிவர். பல்லாயிரம் இளைஞர் அந்நூலைப் படித்து, எண்ணெயை மட்டும் கற்றுக்கொண்டனர். எண்ணெய்க்குக் கீழே இருந்த வாளைக் காணவில்லை. ஆசிரியர் ஒருவர் தாம் நம்பாத ஒன்றைப் பாடமாக எழுதி வைத்துவிட்டுச் சென்றால், அதற்கு அவர் பொறுப்பிலர் என்று எவ்வாறு சொல்வது?

அப்பாடம் கடல் கடந்து பரவியது. 1901-இல் டஸ்கீகியைச் சார்ந்த சிலர் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த டோகோ நாட்டிற்குப் பருத்திப் பயிரிடுதலைக் கற்பிக்கச் சென்றனர். நோக்கம் நன்று. ஆனால் ஆட்சி அயலார் கையில். விளைவை நிர்ணயிப்பதும் அவர்களே. அத்திட்டம் அங்குள்ள உழவர்மேல் கட்டாய உழைப்பாகவே சென்று விழுந்தது. அதிகாரமில்லாத கைத்திறன் யாருக்குப் பயன்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஜமைக்காவின் மார்க்கஸ் கார்வி லண்டனிலிருந்தபோது இந்நூலைப் படித்துத் தம் வாழ்வின் நோக்கத்தைக் கண்டார். 1914-இல் தம் அமைப்பை நிறுவி, டஸ்கீகியைப் போன்றதொரு பள்ளி அமைக்கக் கருதி வாஷிங்டனோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1916-இல் அவர் அமெரிக்கா சேர்ந்தபோது வாஷிங்டன் உயிரோடில்லை.

கார்வி இயக்கத்தவர் ஒருவரின் மகனே பின்னாளில் மால்கம் எக்ஸ் எனப் பெயர் பெற்றார். அவர் சேர்ந்த எலிஜா முஹம்மதின் அமைப்பு, மேற்பார்வைக்குப் புரட்சி பேசினும், நடைமுறையில் வாஷிங்டனின் வழியிலேயே நடந்தது: போதைப்பொருள் விலக்கு, ஒழுங்கான உடை, சேமிப்பு, சொந்தக் கடைகள், தேர்தலும் உரிமைப் போராட்டமும் வேண்டா. 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவ்வமைப்பினர் ஒருவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பொங்கியெழுந்த மால்கமைத் தலைமை அடக்கி வைத்தது. அவ்வமைப்பின் நம்பிக்கைகள் பலவும் இஸ்லாத்தின் அடிப்படைக்கு மாறானவை. 1964-இல் மால்கம் அதிலிருந்து வெளியேறி ஹஜ்ஜுக்குச் சென்றார். 1975-இல் எலிஜா மறைந்தபின் அவர் மகன் வாரிஸுத்தீன் அதன் பெரும்பகுதியினரை நேரிய நெறிக்குக் கொண்டுவந்தார். தன்னொழுக்கத்தைக் கைவிடாமலே அநீதியின் பெயரை உரக்கச் சொல்லலாம் என்பதை மால்கமின் இறுதி ஆண்டு காட்டிற்று.

நம் காலத்தில் இப்போக்கின் பெயர்பெற்ற அறிஞர் பொருளியல் வல்லுநர் தாமஸ் சோவல். 1930-இல் பிறந்த இவர், பல நாட்டுச் சிறுபான்மையினரை ஒப்பிட்டு, அரசியல் அதிகாரத்தினும் திறமையும் உழைப்புப் பழக்கமுமே ஒரு சமுதாயத்தை உயர்த்துகின்றன என்று 1981-இல் வெளியான ‘எத்னிக் அமெரிக்கா’ முதலான நூல்களில் வாதிடுகிறார். இவர் கருத்துகளால் தூண்டப்பெற்ற கிளாரன்ஸ் தாமஸ் 1991 முதல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து, இனம் பார்த்து அளிக்கும் சலுகை பெறுவோரையே சிறுமைப்படுத்துகிறது என்று தீர்ப்புகளில் எழுதிவருகிறார். இவர்களைத் துரோகிகள் என ஏசி ஒதுக்குதல் சோம்பேறித் திறனாய்வு. பிறர் இரக்கத்தில் வாழும் சமுதாயம் நிமிர்ந்து நிற்காது என்னும் அவர்தம் கூற்று மெய். ஆயினும் வாஷிங்டனிடம் கேட்ட கேள்வியையே இவர்களிடமும் கேட்க வேண்டியுள்ளது. வாஷிங்டனின் மௌனத்திற்கு அச்சம் என்ற காரணமாவது இருந்தது. அவ்வச்சம் நீங்கிய நாளில், 1964-இலும் 1965-இலும் போராட்டத்தால் வந்த சட்டங்களின் நிழலில் நின்றுகொண்டு, அரசியலால் பெரும்பயன் இல்லை என்று எழுதுவது எவ்வாறு பொருந்தும்?

முடிவாக, தென்னாப்பிரிக்காவின் ஜான் டூபே என்பாரை நினைவு கூர்வோம். அவர் அமெரிக்காவில் பயின்று, டஸ்கீகியைக் கண்டு, நேட்டாலில் ஒலாங்கே என்னுமிடத்தில் அதே முறையில் தொழிற்பள்ளி நிறுவினார். காந்தியடிகளின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதற்கு அண்மையில் இருந்தது. தமிழ்ப் பகுதியும் கொண்டு 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் காந்தியடிகளும் அவ்வாண்டே வாஷிங்டனைப் பாராட்டி எழுதினார். ஆனால் டூபே வாளியோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு எனப் பெயர் மாறிய அமைப்புக்கு 1912-இல் முதல் தலைவரானார். 1913-இல் நிலத்தைப் பறிக்கும் சட்டம் வந்தபோது, அதனை எதிர்த்து முறையிட 1914-இல் தூதுக்குழுவோடு லண்டன் சென்றார். 1994 ஏப்ரலில், அந்நாட்டில் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலில், நெல்சன் மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கினை அளிக்கத் தேர்ந்துகொண்ட இடம் அந்த ஒலாங்கேப் பள்ளியே. டூபேயின் அடக்கத்தலமும் அங்குதான் இருக்கிறது.

இந்நூலை மாணவர் கையிற் கொடுக்கலாமா என்று நம்மைக் கேட்பார் உளர். கொடுக்கலாம் என்பதே நம் விடை, தனியே கொடுக்கலாகாது. சூளைக் கதையைச் சொல்லும் நாளிலேயே, பள்ளிக்கு வித்திட்ட வாக்கின் கதையையும் சொல்ல வேண்டும். துடைப்பத்தைப் போற்றுவோம், அறைக்கு உரியவர் யார் என்று கேட்கும் மாணவனை அமரச் சொல்லாதிருப்போம். அன்று அவனை அமரவைத்த பிழை நம்முடையது. அவனுக்குத் தர வேண்டிய விடையைத்தான் இவ்வளவு காலங்கழித்து எழுதியிருக்கிறோம்.